எண்ணெ அடித்த தக்காளி

செடிகள் அத்தனை அழகாக இருந்ததைப் பார்த்ததும் பொற்கொடிக்குச் சந்தேகம் தட்டியது.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது அவள் விட்டுவிட்டுப் போன தக்காளிச் செடிகள் இவை அல்ல. அவை பாதி இலை சுருண்டு, அங்கங்கே காயில் புழு துளை போட்டு, நோஞ்சான் பிள்ளைகள் மாதிரி குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவை. இப்போது எதிரே நிற்பவை வேறு ரகம். இலைகள் கருகருவென்று விரிந்திருந்தன. பழங்கள் பளபளத்தன. ஒரு புழு இல்லை. ஒரு ஈ இல்லை. அந்த ஈதான் அவளுக்கு முதலில் உறைத்தது. பூவும் பழமுமாக நிற்கிற தோட்டத்தில் காலை வெயிலில் ஒரு ஈகூடப் பறக்கவில்லை என்றால் அங்கே ஏதோ அக்கிரமம் நடந்திருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள் மத்திகிரியில் இருக்கிற வீட்டுக்குக்கூடப் போகாமல், தளி பஸ்ஸைப் பிடித்து நேராக இங்கே வந்திருந்தாள். தோளில் கிடந்த பையை வரப்பிலேயே போட்டுவிட்டுக் குனிந்தாள். பூச்சிகளை இழுப்பதற்காக ஓரத்தில் நட்டிருந்த செண்டுமல்லிப் பூக்களுக்கு அடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தாள். அந்த நெடியைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. சாயங்காலமானால் ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்களிலிருந்தும் குடைமிளகாய்க் கூடாரங்களிலிருந்தும் காற்றில் வருகிற அதே நெடி. அது தன் தோட்டத்தில் மட்டும் வரக்கூடாது என்பதற்காகத்தான் அவள் இத்தனை பாடும் பட்டது.

"எவன் அடிச்சது இத" என்று வாய்விட்டே கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டிய ஆள் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். திம்மராயன், நிலத்துக்காரர். பங்காளிச் சண்டையில் வருஷக்கணக்காகத் தரிசாகக் கிடந்த இந்த ஒரு ஏக்கரைப் பொற்கொடிக்குக் குத்தகைக்கு விட்டவர். உரமும் மருந்தும் படாமல் கிடந்த மண் என்பதாலேயே அவள் இதைத் தேடிப் பிடித்திருந்தாள். அவர் வண்டியை நிறுத்திவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"வந்தீங்களாம்மா. தோட்டத்தப் பாத்தீங்களா? நீங்க போறப்ப எப்டி இருந்துச்சு, இப்ப எப்டி இருக்குது."

"என்னண்ணா அடிச்சீங்க?"

"எண்ணெ அடிச்சேன். நீங்கதானே போன்ல சொன்னீங்க."

"எண்ணெதான் அடிக்கச் சொன்னேன். இது எண்ணெ வாசமா?"

"எண்ணெ வாசந்தாம்மா. நல்ல எண்ணெ. என் குடமொளகாக்கு அடிக்கறனே, அதே எண்ணெ. தளியில போய் நானே வாங்கியாந்து அடிச்சேன்."

பொற்கொடிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது.

தமிழில் பூச்சியைக் கொல்கிற விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் வைத்தானோ. கொல்வதற்குப் பெயர் மருந்து. இந்தச் சொல் என்றைக்காவது காலை வாரும் என்று பொற்கொடிக்கு ஆரம்பத்திலேயே பயம் இருந்தது. அதனால் குத்தகை பேசிய அன்றே திம்மராயனிடம், "அண்ணா, மருந்து மட்டும் இந்த மண்ணுல விழக்கூடாது" என்று சொல்லி வைத்தாள். அவரும் தலையாட்டினார். அவளுடைய வேப்பெண்ணெயைக்கூட அவள் எண்ணெய் என்று சொன்னதில்லை. சோப்பும் தண்ணீரும் கலந்து அடிப்பதால் கரைசல் என்றே சொல்லிப் பழக்கம். இப்படி ஒரு வாசலை இழுத்துச் சாத்திவிட்டு நிம்மதியாக இருந்தாளே தவிர, பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்து கிடப்பதை அவள் கவனிக்கவில்லை. திம்மராயன் வீட்டில் பேசுவது கன்னடம். அங்கே கடையில் பாட்டிலில் விற்கிற அந்த விஷத்துக்குப் பெயர் எண்ணெ. எண்ணெ அடித்தாயா என்றால் பூச்சிமருந்து தெளித்தாயா என்று அர்த்தம். கர்நாடகா எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் விவசாயம் செய்ய வந்தவள் அதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரிந்துகொள்ளவில்லை.

போனில் அவர், காயில் புழு ஏறிக்கொண்டே போகிறது என்று சொன்னபோது அவள் கொடைப் பந்தலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கம் மேளம், ஒரு பக்கம் ஒலிபெருக்கி. கரைசல் என்று சொன்னால் அவருக்குக் காதில் விழவில்லை. "எண்ணெ, எண்ணெ, எண்ணெ அடிச்சு விடுங்கண்ணா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவளைப் பொறுத்தவரை தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது ஒரே எண்ணெய், வேப்பெண்ணெய்.

"மருந்து வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்ல அண்ணா. அப்பறம் எப்படி?"

"சொன்னீங்க. அப்பறம் எண்ணெ அடிங்கன்னும் நீங்கதானே சொன்னீங்க. சரி, மனசு மாறிட்டாங்கன்னு நெனச்சேன். புழு வந்தா எல்லாருக்கும் மனசு மாறும்மா. எத்தினி பேரப் பாத்திருக்கறேன்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்ற சந்தோஷம். பொற்கொடிக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. கெடுக்க நினைத்துக் கெடுத்திருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். சொந்தக் காசில் வாங்கி, சொந்த முதுகில் டேங்கைச் சுமந்து, செடி செடியாக அடித்துவிட்டு மெச்சிக்கொள்வாள் என்று வந்து நிற்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது.

"உங்க வீட்டுக்குப் பின்னாடி தக்காளி போட்டிருக்கீங்களே, அதுக்கும் இந்த எண்ணெதான் அடிப்பீங்களா?"

"அது ஊட்டுக்கும்மா. அதுக்கு எதுக்கு எண்ணெ? பேரப் பசங்க திங்கறது. சந்தைக்குப் போறதுக்குத்தானே எண்ணெ."

"அப்ப இதுல ஒரு கூடை பறிச்சுத் தாரேன். வீட்டுக்குக் கொண்டுபோங்க."

"பேடம்மா, வேணாம்" என்று கையை ஆட்டினார் திம்மராயன். "இப்பத்தானே அடிச்சிருக்குது."

"நீங்க திங்கமாட்டீங்க. வாங்குறவன் மட்டும் திங்கணுமா?"

அவர் முகம் சுருங்கியது. "ஒரு வாரம் போனா வாசமே இருக்காது. ஊரெல்லாம் இப்டித்தானே பண்றாங்க. நான் என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி பேசறீங்களே" என்றார். சற்று நின்று பார்த்துவிட்டு, "நல்லதுக்குக் காலமில்ல" என்று முனகிக்கொண்டே மொபெட்டை உதைத்தார். அது இரண்டு மூன்று உதைக்குக் கிளம்பவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி நிற்பது பொற்கொடிக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அவள் கோபக்காரி என்பது மூக்கண்டப்பள்ளிக்கே தெரியும். தோட்டத்துக்கு வருமுன் அங்கே ஒரு கம்பெனியில் வண்டி உதிரிபாகம் சரிபார்க்கிற வேலையில் இருந்தாள். கீறல் விழுந்த உருப்படியையெல்லாம் ஒதுக்கி வைப்பாள். மாதக் கடைசியில் சரக்கு குறைந்தால் சூப்பர்வைசர் வந்து, ஒதுக்கினதில் பாதியைத் திரும்பச் சேர்க்கச் சொல்வான். ஒரு மாதம் சேர்த்தாள், மறு மாதம் சேர்த்தாள். அதற்கடுத்த மாதம் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் கவிழ்த்துவிட்டாள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கோபம் வந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. அடுத்த வாரம் கேட்டில் அவள் அட்டை வேலை செய்யவில்லை.

விவசாயம் அவளுக்கு ஊர் ஆசையால் வந்ததில்லை. பிறந்த ஊரில் அவள் அப்பாவுக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. தான் செய்கிற பொருள் நல்ல பொருள் என்று தானே சொல்லி விற்க வேண்டும், நடுவில் ஒருவன் வந்து இதையும் சேர் என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. யூடியூபில் பார்த்தாள், வேளாண்மை ஆபீஸில் போய் நின்றாள், பயிற்சி என்று எங்கே சொன்னாலும் ஓடினாள். பஞ்சகவ்யத்தின் வாடை பட்டு லைன் வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். முதலில் போட்ட முள்ளங்கி கிழங்கு வைக்காமல் இலையாகப் போனது. அடுத்துப் போட்ட கீரையை அத்திப்பள்ளி தாண்டி இருக்கிற ஓர் அபார்ட்மெண்ட்டில் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு, இலையில் ஓட்டை இருக்கிறதே என்றார்கள்.

அந்த அபார்ட்மெண்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவள் சுப்ரியா. சேலத்துப் பெண், ஐடியில் பெரிய வேலை. மரியாதையாகத்தான் பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டம் பார்க்க வந்து, செடிக்குச் செடி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். மறு வாரமே, துளை விழுந்த தக்காளியையெல்லாம் தனியாகப் பொறுக்கித் திருப்பி அனுப்பிவிட்டாள். இந்தப் புண்ணியவதிகளுக்குப் புழு தின்னாத காயும் வேண்டும், புழுவைக் கொல்லாத காயும் வேண்டும். பொற்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். அடுத்த பறிப்பிலாவது தக்காளி நன்றாக வந்தால் வாரா வாரம் அபார்ட்மெண்ட் வாசலிலேயே கடை போட்டுக்கொள்ளலாம் என்று சுப்ரியா சொல்லியிருந்தாள். அது கிடைத்துவிட்டால் தோட்டம் நிலைத்துவிடும். கிடைக்காவிட்டால் குத்தகையை விட்டுவிட்டு மறுபடி ஏதாவது கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து அவள் கணவன் சுடலைமுத்து பைக்கில் வந்தான். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"ஏட்டி, பாத்தியா? திம்மராயண்ணன் நேத்தே போட்டோ அனுப்பிட்டாரு. நான் அத அப்படியே அபார்ட்மெண்ட் குரூப்புல தூக்கிப் போட்டுட்டேன். ஆர்டர் கொட்டுது. நீ ஊருல இருக்கியேன்னு சொல்லல, வந்து பாத்துச் சந்தோசப்படட்டும்னு விட்டுட்டேன்."

பொற்கொடி அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பளபளக்கிற பழங்கள், கீழே வரிசையாகக் கைதட்டுகள், இதயங்கள். 'இதுதான் உண்மையான ஆர்கானிக்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

நடந்ததைச் சொன்னாள். சுடலைமுத்து ஒரு செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்தான்.

"சரி, நாம வேணும்னா செஞ்சோம்? ஒரு வார்த்த மாறிப் போச்சு. நல்லாக் கழுவி அனுப்பிருவோம். அடுத்த தடவ சரியாப் பாத்துக்கிடுவோம்."

"ஆர்கானிக்னு சொல்லியா?"

"ஒண்ணுமே சொல்லாண்டாம். தக்காளின்னு சொல்லிக் குடு."

"அவங்க நம்மகிட்ட வாங்குறதே விஷம் இல்லன்னு நாம சொன்னதாலதான். சொல்லாம குடுத்தா மட்டும் அது வேற என்ன?"

"யாருக்குட்டி தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

சுடலைமுத்துவுக்கும் கோபம் வந்தது. அவனுக்கு லேசில் வராது. "ஒன் கோவத்துக்கு ஒரு வேல போச்சு. அப்ப நான் ஒரு வார்த்த கேட்டனா? நீ தோட்டம் போடணும்னு சொன்ன, சரின்னேன். நான் ஓவர்டைம் பாக்காத நாளு உண்டா? இப்பத்தான் நாலு பேரு நம்மளத் தேடி வாராங்க. இதையும் ஒடைச்சுப் போட்டுறாதட்டி, ஒன்னக் கும்புடுதேன்."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதுவே அவளை இன்னும் எரிய வைத்தது. நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படுவதைப்போல ஒரு கொடுமை கிடையாது. திட்ட வேண்டிய ஆள் யாரும் அகப்படாமல் அவள் கொட்டகைக்கும் வரப்புக்குமாக நடந்தாள். கழுவினால் போய்விடுமா என்று ஒரு முறை யோசித்தாள். ஆமாம், யோசித்தாள். ஒரு பழத்தைப் பறித்து முந்தானையில் துடைத்து வாய்க்கு அருகே கொண்டுபோனாள். தின்ன முடியவில்லை. தன்னால் தின்ன முடியாததை இன்னொருத்தி தன் பிள்ளைக்குச் சட்னி அரைப்பதா என்று நினைத்ததும் அந்த யோசனை அதோடு செத்தது.

போனை எடுத்து அபார்ட்மெண்ட் குரூப்பில் குரலாகவே பதிந்தாள்.

"வணக்கம், பொற்கொடி பேசுறேன். நீங்க போட்டோல பாத்த தக்காளிக்கு நான் ஊருல இல்லாதப்ப பூச்சிமருந்து அடிச்சிட்டாங்க. தப்பு என்னோடது, நான் சொன்னத அவங்க வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. இந்தப் பழத்த நான் உங்களுக்குத் தரமாட்டேன். செடியையும் பிடுங்கிட்டு வேற போடப் போறேன். மன்னிச்சுக்கோங்க."

சுடலைமுத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

குரூப்பில் எல்லாரும் அதைக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கும்பிடுகிற கை போட்டார். ஒருவர், அப்படியானால் முன்பு தந்த கீரையிலும் இருந்திருக்குமோ என்று கேட்டார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். இருட்டுவதற்குள் ஆர்டர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது. அதன் பிறகு சுப்ரியா கூப்பிட்டாள்.

"பொற்கொடி, நீங்க மொதல்ல எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே. நேரா குரூப்ல போட்டுட்டீங்க. எல்லாரும் பேனிக் ஆயிட்டாங்க. உங்கள இன்ட்ரொட்யூஸ் பண்ணது நான், இப்ப என்னைக் கேக்கறாங்க."

"தனியாச் சொல்லியிருந்தா என்ன மேடம் பண்ணியிருப்பீங்க?"

"ஏதாவது பண்ணியிருக்கலாம். இந்த வாரம் ஸ்டாக் இல்லைன்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம். உண்மைய இவ்வளவு டைரக்ட்டா சொல்லணும்னு என்னங்க இருக்கு?"

பொற்கொடி போனை மறு காதுக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் சுப்ரியா பெருமூச்சு விட்டாள்.

"சரி, போகட்டும். அந்தத் தக்காளிய என்ன பண்ணப் போறீங்க?"

"குழி வெட்டிப் பொதைக்கப் போறேன்."

"அவ்வளவையுமா? அய்யய்யோ, அப்படி வேஸ்ட் பண்ணக்கூடாதுங்க. ஒண்ணு பண்ணுங்க, இங்க அனுப்பிடுங்க. எங்க ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃப், செக்யூரிட்டி எல்லாருக்கும் குடுத்துடறோம். பாவம், சந்தோஷப்படுவாங்க. அவங்க எப்படியும் வெளியில வாங்கறது அந்த மாதிரிதானே. அவங்களுக்குப் பழக்கம்தான்."

காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்த கோபத்துக்கு ஒரு வழியாக இடம் கிடைத்துவிட்டது.

"பழக்கமா? விஷத்துக்கு என்ன மேடம் பழக்கம்? அவங்களுக்கு மட்டும் வயிறு தகரத்துல செஞ்சு வெச்சிருக்கா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க…"

"அப்படித்தான் சொன்னீங்க. உங்க அபார்ட்மெண்ட்ல மாடிப்படி கூட்டுற தங்கமணி எங்க லைன் வீட்டுல எனக்குப் பக்கத்து வீடு. காலையில ரெண்டு பேரும் ஒரே கொழாயில தண்ணி பிடிக்கிறோம். உங்க புள்ள திங்கக்கூடாதத அவ புள்ள திங்கட்டும்னு சொல்றீங்க. இத அவகிட்ட நேரா நின்னு உங்களால சொல்ல முடியுமா?"

"நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்க. நாம அப்பறம் பேசலாம்."

"அப்பறம் பேச ஒண்ணுமில்ல. எங்க காய் எதுவும் இனிமே உங்களுக்கு வராது. வைக்கிறேன்."

சற்று நேரத்தில் குரூப்பிலிருந்து அவளை நீக்கிவிட்டதாகப் போன் காட்டியது. அவளே தரமாட்டேன் என்று சொன்ன பிறகும், வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதில் அவர்களுக்கு ஒரு திருப்தி. வாசல் கடை போனது. தோட்டமே போனதுபோலத்தான். ஆனாலும் அவளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. நான் சரியாகச் செய்துவிட்டேன், இந்த ஊரில் சரியாகச் செய்தவள் நான் ஒருத்திதான் என்கிற கர்வம். கோபம் உச்சிக்கு ஏறும்போது கூடவே அதுவும் ஏறிவிடும்.

மறுநாள் காலையில் வெள்ளையம்மா வந்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி. இந்தத் தோட்டத்தில் முதல் நாற்று நட்டதிலிருந்து களையெடுக்க, குச்சி கட்ட, பறிக்க என்று கூலிக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். செடியைப் பிடுங்கிக் குழியில் போட வேண்டும் என்றதும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு பேரும் குழி வெட்டிவிட்டுப் பிடுங்கினார்கள். பழத்தோடு சேர்த்துச் செடிகள் குழியில் விழுந்தன.

பாதி வரிசை முடிந்தபோது திரும்பிப் பார்த்தால், வெள்ளையம்மா குழியோரம் உட்கார்ந்து நல்ல பழமாகப் பார்த்துக் கிள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத எடுக்காதீங்க" என்றாள் பொற்கொடி.

"ஏம்மா? குழியில போடறதுதானே."

"எண்ணெ அடிச்சதுக்கா."

"தெரியும். அண்ணன் எண்ணெ கலக்கறப்ப கொடத்துல தண்ணி மொண்டு ஊத்தினது நாந்தானே." அவள் கை நிற்கவில்லை. "அதுக்கின்னா? கடையில வாங்கறது மட்டும் அடிக்காததா?"

"வேணாம்னு சொல்றேன்ல. வைங்க அத."

"எங்க ஊட்ல தெனமும் அதத்தானேம்மா திங்கறோம். துட்டு குடுத்து வாங்கித் தின்னா ஒண்ணுமில்ல, சும்மா எடுத்துட்டுப் போனாத்தான் பாவமா?"

பொற்கொடிக்குக் கோபம்தான் வந்தது. பாய்ந்து வந்து பையைப் பிடுங்கிக் குழிக்குள் கவிழ்த்தாள். உள்ளே இறங்கி, கொட்டிய பழங்களை ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கினாள். கணுக்கால் வரை சாறும் விதையும் தெறித்தது. யாரும் எடுக்க முடியாதபடி ஆக்கிவிட வேண்டும், அதுதான் அப்போது மனசில். தங்கமணியின் பிள்ளைக்காக நேற்றுப் பேசிய வாயோடு, இன்று வெள்ளையம்மாவின் பையைப் பிடுங்கியிருக்கிறாள் என்பது மிதித்து முடிக்கிறவரை அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளையம்மா எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"மிதி. நல்லா மிதி. உன் தக்காளி, நீ மிதிக்கற."

"அக்கா, ஒங்க நல்லதுக்குத்தான்…"

"இரு, நான் பேசறேன். இந்தச் செடிக்குக் குழி போட்டது நானு. களையெடுத்தது நானு. குச்சி கட்டினது நானு. எண்ணெ அடிக்காம இருந்துச்சே, அப்ப ஒரு நாளு, ஒரே நாளு, அக்கா இந்தா நாலு நல்ல பழம், புள்ளைங்களுக்குக் கொண்டுபோன்னு சொன்னியா? ஒவ்வொண்ணாத் தொடச்சி பெட்டியில அடுக்கின, அந்த மாடி ஊட்டுக்காரங்களுக்கு. ஓட்ட விழுந்துச்சுன்னு அந்தம்மா திருப்பி அனுப்பினாங்களே, அத எடுத்துட்டுப் போன்னு சொன்ன. நானும் எடுத்துட்டுப் போனேன். புழு இருந்த பக்கத்த அரிஞ்சிப் போட்டுட்டு ஆக்கினேன்."

பொற்கொடி குழிக்குள் நின்றபடியே அண்ணாந்து பார்த்தாள்.

"எண்ணெ அடிச்சதும் எனக்குக் குடுக்கமாட்ட. அடிக்காததும் குடுக்கமாட்ட. அப்ப நான் எதத்தான்மா திங்கறது, நீயே சொல்லு."

கேட்டுவிட்டு வெள்ளையம்மா காலிப் பையை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போய்விடுவாள் என்று பொற்கொடி நினைத்தாள். போகவில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி செடியைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

திம்மராயனைத் திட்டியாயிற்று. புருஷனிடம் எரிந்து விழுந்தாயிற்று. சுப்ரியாவைக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று. இப்போது நெஞ்சுக்குள் கொதிக்கிற இதை யார் தலையில் கொட்டுவது என்று பொற்கொடி தேடினாள். குழிக்குள் அவளைத் தவிர யாரும் இல்லை. பழக்கம்தானே என்று சுப்ரியா வாயால் சொன்னாள். சொல்லாமலே தானும் அதையே செய்துவந்திருப்பது புரிந்தபோது, தன்னையே அறைந்துகொள்ளலாம்போல ஆத்திரமாக வந்தது. அழுகை வரும்போல இருந்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

கரையைப் பிடித்து மேலே ஏறினாள். காலைக்கூடக் கழுவாமல் போய் வெள்ளையம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தாள். கொஞ்ச தூரம் இரண்டு பேரும் இணையாகவே பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

"அக்கா."

"ம்."

"அடுத்த தடவ மொதப் பறிப்பு ஒங்க வீட்டுக்கு. நல்லதாப் பாத்து நீங்களே எடுத்துக்கோங்க. மிச்சந்தான் வெளிய."

வெள்ளையம்மா நிமிரவில்லை. கையிலிருந்த செடியின் வேர்மண்ணைத் தட்டிவிட்டுக் குழிப்பக்கம் எறிந்தாள்.

"பாக்கலாம்" என்றாள்.